'டிப்போ' என்று கூப்பிட்டார்கள், நான் கேமராவை விற்றேன்

பஸ், ரயில், டிராம் என்றால் உயிரையே விடுகிற ஆட்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட ஒரு பட்டப்பெயரும் அநேகமாக எல்லா நாட்டிலும் இருக்கிறது. இந்த இரண்டாவது விஷயம் எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் தெரிந்தது. அதற்குள் ஒரு நல்ல கேமரா, இரண்டு லென்ஸ், பள்ளி நாளிலிருந்து எழுதி வைத்த நோட்டுகள், ஒரு வருடச் சம்பள உயர்வு, அப்புறம் வண்டிகளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கழித்த சில வருடங்கள் எல்லாம் போய்விட்டன. என்னைப் போன்ற கிறுக்கு உள்ளவர்கள், குறிப்பாகப் பெண்கள், எதையாவது விற்கவோ எரிக்கவோ கிளம்பும் முன் இதை ஒரு தடவை படித்தால் போதும் என்றுதான் எழுதுகிறேன். யாராவது எனக்கு அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்ல ஆளில்லை.

நான் முதலில் பஸ் ஆள். ரயிலும் பிடிக்கும், ஆனால் இரண்டாமிடம்தான். "அப்படி என்னதான் பார்ப்பே?" என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே தடத்தில் ஓடும் இரண்டு பஸ்கள் ஒரே மாதிரி இருக்கவே இருக்காது. ஒன்று கியர் மாற்றும்போது முனகும், இன்னொன்று வாயைத் திறக்காது. டிரைவர் பக்கத்தில் இன்ஜின் மூடி இருக்கும் பழைய வண்டிகளில், அந்த மூடியை ஒட்டிய சீட்டில் உட்கார்ந்தால் கால் சுடும். ஆனால் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும் நொடியை உடம்பிலேயே உணரலாம். இதையெல்லாம் நீளக் கணக்கு நோட்டில் கட்டம் போட்டு எழுதுவேன். வண்டி எண், தட எண், தேதி, நேரம், கதவு எப்படி மடங்குகிறது, பாடி கட்டியது யார் என்று வரிசையாகப் போய், கடைசிக் கட்டத்துக்கு 'சத்தம்' என்று தலைப்பு. அதில் 'தொண்டை கட்டியிருக்கிறது', 'விசில்', 'நல்ல பிள்ளை' என்றெல்லாம் குறிப்பு இருக்கும். பக்க ஓரத்தில் அன்றைய டிக்கெட்டைப் பசை வைத்து ஒட்டுவேன்.

பள்ளியில் எனக்குப் பெயர் 'கண்டக்டரம்மா'. அடுத்த நிறுத்தம் எது, பின்னால் எந்த வண்டி வருகிறது என்று யாரும் கேட்காமலே சொல்வதால் வந்த பெயர். எனக்கு அது பிடித்தே இருந்தது. வைத்தவர்கள் தினமும் என்னோடு அதே பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்தவர்கள். கூட்டம் பிதுங்கினால் "கண்டக்டரம்மா, பின்னாடி வர்றது காலியா இருக்குமா?" என்று கேட்பார்கள். நான் இருக்கும் என்றால் நம்பி இறங்கி நிற்பார்கள். கேலிதான், ஆனால் அதற்குள் என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது.

வேலைக்குப் போன இடத்தில் வந்த பெயர் 'டிப்போ'. ஒரு மதிய இடைவேளையில் என் நோட்டை யாரோ புரட்டிப் பார்த்தார், அவ்வளவுதான். முதலில் சிரிப்பாகத்தான் இருந்தது. என் மேசையில் பொம்மை பஸ் வைத்தார்கள், நானும் ரசித்தேன். கொஞ்ச நாளில் என் பெயரையே யாரும் சொல்வதில்லை. அலுவலக வாட்ஸ்அப் குழுவில், வேலைப் பங்கீட்டுத் தாளில், எங்கும் 'டிப்போ'. பிறகு ஒருநாள் வாடிக்கையாளர் கூட்டத்தில் என் மேலாளர் என்னை அறிமுகப்படுத்திய விதம் இது: "இவங்கதான் எங்க டிப்போ. பஸ் எத்தனை மணிக்குன்னு கேளுங்க, டக்குனு சொல்வாங்க. வேலையைப் பத்தி வேணா வேற ஆளைக் கேப்போம்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படிச் சிரித்தது தாடையில் வலித்தது இன்னமும் நினைவிருக்கிறது. அந்த வருட மதிப்பீட்டில் 'கவனம் வேறெங்கோ இருக்கிறது' என்று ஒரு வரி. சம்பள உயர்வு இல்லை. நான் தாமதித்த வேலை என்று ஒன்றையும் யாரும் காட்டவில்லை.

இதற்கு மேல், பெண் என்பதால் கூடுதலாக ஒரு சுமை. டிப்போ வாசலில் நோட்டோடு நிற்கும் பையனைப் பார்த்தால் 'பஸ் பைத்தியம்' என்று முடித்துவிடுவார்கள். அதே இடத்தில் ஒரு பெண் நின்றால் எந்த டிரைவருக்காகக் காத்திருக்கிறாள் என்றுதான் பேச்சு கிளம்பும். எனக்கும் கிளம்பியது. அண்ணன் வீட்டுக்கு வந்து, "நீ தினமும் அங்க யாரைப் பாக்கப் போறே?" என்று கேட்டான். வண்டியைப் பார்க்க என்றேன். அவன் நம்பவில்லை. அம்மா நம்பினாள், ஆனால் நம்பிய முகத்தில் அதைவிடப் பெரிய கவலை இருந்தது. ஒரு காதல் என்றால்கூட அவளுக்குப் புரிந்திருக்கும் போல.

அந்த வாரமே கேமராவை விற்றேன். வாங்கிய விலையில் பாதிக்கும் கீழே. பழைய கேமரா வாங்குபவர் லென்ஸில் பூஞ்சை இருக்கிறது என்றார், நான் டார்ச் அடித்துக்கூடப் பார்க்கவில்லை. பணம் அல்ல, அந்தப் பொருள் கண்ணில் படாமல் போனால் சரி என்றிருந்தது. நோட்டுகளும், சேர்த்து வைத்திருந்த நேர அட்டவணைகளும் பழைய பேப்பரோடு எடைக்குப் போயின. தராசில் அவை எவ்வளவு கனம் காட்டின என்று பார்க்காமல் உள்ளே போய்விட்டேன்.

இங்கே நிறுத்தி, வேண்டிய இரண்டு மூன்று விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். மனம் நொந்திருக்கும் நேரத்தில் எதையும் விற்காதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, நானும் கேட்டிருக்க மாட்டேன். அதனால் வேறு மாதிரி சொல்கிறேன். விற்பதாக இருந்தால் விற்றுக்கொள்ளுங்கள், ஆனால் நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து எங்காவது ஏற்றிவிட்டு விற்றுக்கொள்ளுங்கள். கேமராவைத் திரும்ப வாங்கலாம், கை எழுத்தில் இருந்த வண்டி எண்ணை வாங்க முடியாது. டிக்கெட் சேர்ப்பவர்களுக்கு இன்னொன்று. இப்போது இயந்திரத்தில் வரும் டிக்கெட்டுகள் பெரும்பாலும் வெப்பத்தாள். மையே கிடையாது, சூடு பட்ட இடம் கறுக்கிறது, அவ்வளவுதான். வெளிச்சத்தில் வைத்தால் வெளுத்துவிடும். பத்திரப்படுத்துகிறேன் என்று சூடான லேமினேஷன் போட்டால் முழுத் தாளும் கறுத்துவிடும். பிவிசி உறையும் ஆகாது, அதிலிருக்கும் வேதிப்பொருள் எழுத்தைத் தின்றுவிடும். வாங்கிய அன்றே ஸ்கேன் செய்துவிட்டு, இருட்டில் வெறும் காகித உறையில் வையுங்கள்.

அப்புறம் வந்த வருடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பஸ்ஸில் ஏறினால் போனைப் பார்ப்பேன். ஜன்னல் சீட் கிடைத்தாலும் போனைத்தான் பார்ப்பேன். வேலை மாறினேன், புது இடத்தில் பொழுதுபோக்கு என்ன என்று கேட்டபோது சமையல் என்றேன். எனக்கு ரசம்கூடச் சரியாக வராது. இந்தக் காலத்தில்தான் முன் இன்ஜின் வண்டிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன, மின்சார பஸ்கள் வந்தன. என் 'நல்ல பிள்ளை' எந்த மாதம் கழிக்கப்பட்டது என்றுகூட எனக்குத் தெரியாது.

திரும்பி வந்த வழி தற்செயலானது. பழைய வண்டி ஒன்றின் படத்தைத் தேடப் போய், இங்கிலாந்துக்காரர் ஒருவர் தன்னை 'அனோராக்' என்று சொல்லிக்கொண்டு எழுதியதைப் படித்தேன். அனோராக் என்பது தலையை மூடும் தொப்பி வைத்த குளிர்ச்சட்டை. கிரீன்லாந்து மக்களின் மொழியிலிருந்து வந்த சொல். மழையிலும் குளிரிலும் பிளாட்பாரத்து ஓரத்தில் அந்தச் சட்டையோடு நின்று எண் எழுதுபவர்களுக்குச் சட்டையின் பெயரே பட்டப்பெயராகிவிட்டது. இன்று பிரிட்டனில் யாருக்கும் பிடிக்காத விஷயத்தில் மூழ்கிக் கிடக்கும் எவரையும் அப்படிச் சொல்வார்கள். அங்கே 'டிரெய்ன்ஸ்பாட்டர்' என்ற சொல்லுக்கும் அதே கதிதான். 1942இல் இயன் ஆலன் என்ற இளைஞர், தான் வேலை பார்த்த ரயில்வே நிறுவனத்துக்கு இன்ஜின் விவரம் கேட்டு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதி அலுத்துப்போய், எண் பட்டியலைச் சின்னப் புத்தகமாகவே போட்டார். அடுத்த ஆண்டுகளில் பிளாட்பாரங்கள் நிறைய நோட்டும் பென்சிலுமாகப் பையன்கள். அப்போது அது சாதாரணப் பொழுதுபோக்கு. கேலிச்சொல் ஆனது பிற்பாடு. அந்த ஆட்களே தங்களுக்குள் 'கிரைசர்' என்பார்கள், 'கிராங்க்' என்பார்கள். முதல் சொல் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாது, இரண்டாவதுக்குக் கிறுக்கு என்றே பொருள்.

அன்று இரவு நான் தூங்கவில்லை. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குத் தாவிக்கொண்டே இருந்தேன். அமெரிக்காவில் 'ஃபோமர்'. ரயிலைப் பார்த்ததும் வாயில் நுரை தள்ளுகிறதாம். ரயில்வே ஊழியர்கள் வைத்த பெயர் அது. ஆஸ்திரேலியாவில் 'கன்ஸல்', டிராம் ரயில் ஆட்களுக்கெல்லாம் பொது. ஜெர்மனியில் 'புஃபர்க்யூஸர்'. ரயில் பெட்டியின் முனையில் முட்டுத்தாங்கியாக இருக்கிற பஃபருக்கு முத்தம் கொடுப்பவன் என்று பொருள். படித்ததும் வாய்விட்டுச் சிரித்தேன், ஏனென்றால் நான் ஒரு பஸ்ஸின் முகப்பைத் தடவிக் கொடுத்திருக்கிறேன். நுணுக்கம் பார்ப்பவர்களை 'ரிவிட் எண்ணுபவர்' என்பது ஜெர்மனிலும் உண்டு, ஆங்கிலத்திலும் உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் 'ஃபெரோவிபாத்' என்று, ரயில் ஒரு நோய் மாதிரி தங்களைத் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். ஹாங்காங்கில் பஸ் ரசிகர்களைத் திட்ட 'பிளாஸ்டிக்' என்ற சொல்லைச் சேர்ப்பார்கள். கான்டனீஸ் பேச்சு வழக்கில் அது முட்டாள் என்கிற மாதிரி ஒரு வசை.

ஜப்பான்தான் என்னை உட்கார வைத்துவிட்டது. அங்கே இரும்பைக் குறிக்கும் 'தெட்ஸு' என்ற சொல்லை ஒட்டி ஒவ்வொரு வகைக்கும் ஒரு பெயர். படம் எடுப்பவர் 'தோரிதெட்ஸு', பயணம் செய்வதற்கென்றே ஏறுபவர் 'நோரிதெட்ஸு'. சத்தம் பதிவு செய்பவர்களுக்கு ஒரு பெயர், நேர அட்டவணை படித்து மகிழ்பவர்களுக்கு ஒரு பெயர், குழந்தையால் இதில் விழுந்த அம்மாக்களுக்கு 'மாமாதெட்ஸு'. ஒரு வண்டி கடைசியாக ஓடும் நாளில் மட்டும் கூட்டமாக வந்து கண்ணீர் விடுபவர்களுக்கு 'சோஷிகிதெட்ஸு', அதாவது சாவு வீட்டு ஆட்கள். இது கொஞ்சம் குத்தலான பெயர்தான். ஓடும்வரை ஏறாதவன் ஓய்வு நாளில் வந்து முன்வரிசையில் நிற்கிறானே என்ற கடுப்பு. என் நோட்டின் 'சத்தம்' கட்டத்துக்கு இன்னொரு நாட்டில் ஒரு பெயரே இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. அழுதேன், வேறென்ன.

அந்த இரவுக்குப் பிறகு நான் கவனித்தது இது. இந்தப் பெயர்கள் எதுவுமே முதலில் பாராட்டாக வைக்கப்பட்டவை அல்ல. ஆனால் சிலருக்கு அதே பெயர் சட்டையில் குத்திக்கொள்ளும் பேட்ஜ் ஆகிறது, சிலருக்கு உள்ளே போய்த் தைக்கிறது. வித்தியாசம் சொல்லில் இல்லை. அதே பெயருக்குப் பக்கத்தில் இன்னொருவர் நிற்கிறாரா என்பதில்தான் இருக்கிறது. கன்ஸல் என்று ஆஸ்திரேலியர்கள் சிரித்துக்கொண்டே சொல்லிக்கொள்ள முடிகிறது என்றால், அந்தச் சொல் காதில் விழுந்தால் திரும்பிப் பார்க்க நாலு பேர் இருக்கிறார்கள். என் அலுவலகத்தில் 'டிப்போ' என்றால் நான் ஒருத்திதான். பள்ளியில் 'கண்டக்டரம்மா'வும் நான் ஒருத்திதான், ஆனால் அங்கே மற்றவர்கள் அதே பஸ்ஸில் இருந்தார்கள். ஆகவே பெயர் வந்ததும் முதல் வேலை அதை எதிர்ப்பதோ ஏற்பதோ இல்லை. உங்களைப் போன்ற இன்னும் இரண்டு பேரைத் தேடுங்கள். நேரிலோ இணையத்திலோ, வேறு நாட்டிலோ, எங்கேயாவது. கேமராவை விற்பதா வேண்டாமா என்று அதற்கப்புறம் முடிவு செய்யலாம்.

தேடிப் போகிறவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் பெயரை முதல் நாளே நீங்கள் சொல்லாதீர்கள். அமெரிக்க ரயில் ரசிகர்கள் நடுவில் ஒரு புதியவர் உற்சாகமாக எல்லோரையும் ஃபோமர் என்று விளித்ததைப் பார்த்திருக்கிறேன். சிலர் சிரித்தார்கள், வயதானவர் ஒருவர் பட்டென்று வெளியேறினார். அவர் காலத்தில் அதை ஊழியர்கள் முகத்துக்கு நேராகச் சொல்லி விரட்டியிருப்பார்கள், அவருக்கு அது இன்னும் அந்தச் சொல்தான். வயசும் அனுபவமும் மாறினால் சொல்லின் சூடும் மாறும். 'ரயில் ரசிகர்', 'பஸ் ரசிகர்' என்ற பொதுச்சொல்லில் யாருக்கும் வருத்தம் வராது, அதிலேயே ஆரம்பியுங்கள். இளையவர்கள் கதை வேறு. 2017இல் அமெரிக்க மாணவர்கள் ஆரம்பித்த ஒரு முகநூல் குழுவின் நீளப் பெயரைச் சுருக்கி 'நம்டாட்' என்று தங்களை அழைத்துக்கொள்ளும் ஒரு கூட்டமே இருக்கிறது. யாரும் வைக்கும் முன் தாங்களே வைத்துக்கொண்டார்கள், கெட்டிக்காரர்கள்.

எல்லாக் கேலியும் அநியாயம் என்றும் சொல்ல மாட்டேன். 2010 பிப்ரவரியில் ஜப்பானின் ஒசாகா பகுதியில் ஒரு சிறப்பு ரயிலைப் படம் எடுக்கத் தண்டவாளப் பகுதிக்குள்ளேயே ஆட்கள் நின்றதால் ரயில்கள் நிறுத்தப்பட்டன. பிளாட்பாரத்தில் நல்ல இடத்துக்காக ஒருவரை ஒருவர் கத்தித் தீர்ப்பதற்கு அங்கே 'வசைப் போட்டி' என்றே பெயர். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் 'குஸுதெட்ஸு', கழிவு இரும்பு, என்ற பெயர். அதை வைத்ததில் மற்ற ரசிகர்களுக்கும் பங்குண்டு. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. எவனோ ஒருவன் தண்டவாளத்தில் இறங்கினால் அடுத்த நாள் வாசலில் தடுக்கப்படுவது ஒழுங்காக நின்ற ஆள்தான். இந்த இடத்தில் 'நம்ம ஆள்' என்று விட்டுக்கொடுக்காமல் பேசக்கூடாது. பிளாஷ் போடாதீர்கள், டிரைவர் கண் கூசும். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். முக்காலியை விளிம்பில் விரிக்காதீர்கள். பிரிட்டனில் ரயில் பாதைகளையும் பெரிய நிலையங்கள் சிலவற்றையும் நடத்தும் அமைப்பே ரசிகர்களுக்கென்று இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறது. வந்ததும் நிலைய ஊழியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்பதும் அதில் உண்டு.

ஊழியரிடம் சொல்வது வெறும் மரியாதை என்று நினைக்க வேண்டாம். நோட்டும் பேனாவும் வெளியாள் கண்ணுக்கு எப்படித் தெரியும் என்பதற்கு விமான ரசிகர்கள் பட்ட பாடு ஒன்றே போதும். 2001 நவம்பரில் கிரீஸில் ஒரு விமானப்படைத் தளத்துக்குப் போன 12 பிரிட்டன்காரர்களும் 2 டச்சுக்காரர்களும் உளவாளிகள் என்று கைதானார்கள். 2002 ஏப்ரலில் தண்டனையே விதித்துவிட்டார்கள். நவம்பரில் மேல்முறையீட்டில்தான் விடுதலை. நான் இப்போது எங்கே போனாலும் நாட்டுச் சட்டம், இடத்து விதி இரண்டையும் பார்த்துக்கொள்கிறேன். நோட்டில் எழுதிய பக்கம் திறந்தே இருக்கும், கேட்டால் அப்படியே நீட்டிவிடுவேன். 'சத்தம்: தொண்டை கட்டியிருக்கிறது' என்பதைப் படித்த எந்தக் காவலரும் அதற்கு மேல் சந்தேகப்பட்டதில்லை. மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவில் பிஎன்எஸ்எஃப் என்ற பெரிய சரக்கு ரயில் நிறுவனம், தண்டவாளத்தில் ஏதாவது சந்தேகமாகப் பட்டால் தகவல் சொல்லுங்கள் என்று 2006இல் ரயில் ரசிகர்களையே பதிவு செய்ய ஆரம்பித்தது. நுரை தள்ளுகிற ஆள்தானே நாள் முழுக்க அங்கே நிற்கிறான்.

இப்போது வீட்டிலும் அலுவலகத்திலும் என்ன பதில் சொல்வது என்ற விஷயம். எனக்கு நிறையத் தகவல் சேர்ந்ததும், கேலி செய்தவர்களிடம் அதையெல்லாம் கொட்டித் தீர்க்கலாம் என்ற ஆசை வந்தது. செக் இசைமேதை த்வோர்ஷாக் இன்ஜின் பித்துப் பிடித்தவர். தன் மாணவர் சூக்கை இன்ஜின் எண்ணைக் குறித்துவர அனுப்ப, அவர் பின்னால் கோத்த நிலக்கரி வண்டியின் எண்ணை எழுதி வந்தாராம். இவனையா கட்டிக்கொள்ளப் போகிறாய் என்று மகளிடம் கேட்டாராம், சூக்தான் பிறகு மருமகன். 1861இல் லண்டனில் கிரேட் வெஸ்டர்ன் என்ற ரயில்வே நிறுவனத்து இன்ஜின்களின் பெயர்களை நோட்டில் எழுதி வைத்தது ஒரு 14 வயதுப் பெண். இந்தப் பொழுதுபோக்கின் மிகப் பழைய தடயங்களில் அது ஒன்று. வேல்ஸில் டாலிலின் ரயில் பாதையை 1951இல் கிறுக்கர்கள்தான் கையில் எடுத்து ஓட்டினார்கள், தன்னார்வலர்கள் காப்பாற்றிய உலகின் முதல் ரயில் பாதை. அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் 1939இல் சில ரசிகர்கள் 150 டாலருக்கு ஒரு பழைய டிராமை வாங்கினார்கள், அது இன்று பெரிய டிராம் அருங்காட்சியகம். எல்லாம் அருமையான கதைகள். ஆனால் 'டிப்போ' என்று சிரிக்கிற ஆளிடம் இதைச் சொன்னால் "பாரு, ஆரம்பிச்சுட்டா" என்றுதான் வரும். கேலிக்குப் பதிலாகத் தகவல் சொல்லாதீர்கள். இந்தக் கதைகள் உங்களுக்காக. ஆர்வமாகக் கேட்கிற ஒருவர் கிடைத்தால் அவருக்காக. அண்ணனிடம் அந்த 14 வயதுப் பெண்ணைப் பற்றி மட்டும் சொன்னேன். அவன் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "அப்பவேவா?" என்றான். அடுத்த முறை தன் வண்டியிலேயே டிப்போவில் இறக்கிவிட்டான்.

அலுவலகத்தில் பலித்தது வேறு வழி. இப்போதைய இடத்திலும் விஷயம் தெரிந்துவிட்டது, நானே சொல்லிவிட்டேன், பெயரும் வந்தது. இந்தத் தடவை அதை ஆரம்பித்தவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன். பெயரே வேண்டாம் என்றால் இன்னும் ஒட்டிக்கொள்ளும் என்று தெரியும், அதனால் இடத்தைப் பிரித்தேன். "டீ குடிக்கும்போது என்ன வேணா கூப்பிடுங்க. மீட்டிங்ல, மெயில்ல, வெளியாள் முன்னாடி என் பேரைச் சொல்லுங்க" என்றேன். அவர் சரி என்றார், பெரும்பாலும் காப்பாற்றுகிறார். கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் இதைச் சொல்லியிருந்தால் அதுவே அடுத்த ஜோக் ஆகியிருக்கும். எழுத்தில் பட்டப்பெயர் வந்தால் மட்டும் சும்மா விடாதீர்கள், அன்றே திருத்தச் சொல்லுங்கள். பழைய மேலாளர் எழுதியது மாதிரி மதிப்பீட்டில் 'கவனம் வேறெங்கோ' என்று வந்தால், எந்த வேலை, எந்தத் தேதி என்று மின்னஞ்சலில் கேளுங்கள். அன்று நான் கேட்கவில்லை, ஆனால் பிறகு இன்னொருத்தி கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல முடியாமல் அந்த வரியையே எடுத்துவிட்டார்கள்.

பிள்ளைகளுக்கு இந்த ஆர்வம் இருக்கிற பெற்றோர்கள் சிலரும் என்னிடம் கேட்கிறார்கள். பிள்ளையை வெளியில் கேலி செய்வதைவிட வீட்டில் அவமானமாகப் பேசுவதுதான் ஆழமாக இறங்கும். "வேற நல்ல விஷயத்துல இந்த மூளையைப் போடக்கூடாதா" என்ற வாக்கியத்தை மட்டும் விட்டுவிடுங்கள். கூடப் போய் ஒரு தடவை நில்லுங்கள். மாமாதெட்ஸுக்கள் அப்படித்தான் உருவானார்கள்.

கேமரா திரும்ப வாங்கிவிட்டேன், பழையதை விற்ற பணத்தைப் போல மூன்று மடங்கு ஆனது. நோட்டுத்தான் கிடைக்கவில்லை. சமீபத்தில் பழைய வண்டிகளின் வரலாற்றைத் தொகுக்கும் சிலர், முன் இன்ஜின் வரிசை ஒன்றில் எந்தெந்த எண்களுக்கு மடக்குக் கதவு இருந்தது என்று கேட்டிருந்தார்கள். என் நோட்டில் அதற்குத் தனிக் கட்டமே இருந்தது. நினைவிலிருந்து நாலைந்து எண்களைச் சொல்ல முடிந்தது, அவற்றிலும் ஒன்று சந்தேகம். உங்களில் யாரிடமாவது மடக்குக் கதவு வைத்த பழைய வண்டிகளின் படம் இருந்தால், பின்னணியில் மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, எண் தெரிந்தால் போதும், அவர்களுக்குக் கொடுங்கள். கல்யாண ஆல்பங்களில், பள்ளிச் சுற்றுலாப் படங்களில் நிறையக் கிடைக்கும். ஆட்களுக்குப் பின்னால் பாருங்கள்.